ஓடினால்தான் காசு: அமெரிக்காவில் புது லாரி டிரைவரின் முதல் வருடம்

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் போகும் பெரிய லாரிகளின் பின்கதவில் "டிரைவர்கள் தேவை" என்று கம்பெனியின் தொலைபேசி எண்ணோடு எழுதியிருப்பதை அங்கே போய்வந்தவர்கள் பார்த்திருப்பார்கள். ஆள் கிடைக்கவில்லை என்ற புலம்பல் அங்கே பல வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. 2021-இல் லாரி முதலாளிகளின் சங்கமான அமெரிக்கன் டிரக்கிங் அசோசியேஷன்ஸ், 80,000 டிரைவர்கள் குறைவாக இருக்கிறார்கள் என்று கணக்குச் சொன்னது. சரி, அதே சங்கம் வெளியிட்டுவந்த இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நீண்டதூர லோடு அடிக்கும் பெரிய கம்பெனிகளில் டிரைவர்கள் வேலையை விட்டுப் போகும் விகிதம் பல வருடங்களில் 90 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. 100 டிரைவர்கள் இருக்கும் கம்பெனி, அந்த எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ளவே வருடத்துக்கு 90 பேரைப் புதிதாகப் பிடிக்க வேண்டும். 2019-இல் அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் ஆய்விதழில் இரண்டு பொருளியலாளர்கள் இதை ஆராய்ந்து, நீண்டகாலப் பற்றாக்குறை என்று ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை, கூலி ஏறினால் மற்ற தொழில்களைப் போலவே இங்கேயும் ஆள் வருவார்கள் என்று எழுதினார்கள்.

விட்டுப் போகிறவர்களில் நிறையப் பேர் முதல் வருடத்தில் இருப்பவர்கள். சொந்த வண்டி இல்லாமல் கம்பெனி வண்டியை ஓட்டும் புதியவர்கள். அவர்களுடைய புகார்களைக் கேட்டால் பாதி சம்பளத்தைப் பற்றி இருக்கும், பாதி பயிற்சியைப் பற்றி இருக்கும். என்னைக் கேட்டால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: மைலுக்கு இவ்வளவு காசு என்ற கூலி முறை. சக்கரம் ஓடாத நேரத்துக்கு அந்த முறையில் விலை கிடையாது. காத்திருப்பது, லோடு ஏற்றுவது, வண்டியைச் சோதிப்பது, கற்றுக்கொள்வது எல்லாமே சக்கரம் ஓடாத நேரத்தில் வருபவை.

ஒரு நாளை எடுத்துக்கொள்ளலாம். கற்பனை நாள்தான், ஆனால் எந்த டிரைவரும் இதைக் கேட்டு ஆச்சரியப்படமாட்டார். மைலுக்கு 48 சென்ட் வாங்கும் புதியவர் ஒருவர், காலை 5.30-க்கு டார்ச் விளக்கோடு வண்டியைச் சுற்றிவந்து டயர், பிரேக், விளக்கு எல்லாம் பார்க்கிறார். 6 மணிக்கு ஒரு மளிகைக் கிடங்கின் வாசலில் காவலாளியின் ஜன்னலில் பில் நம்பரைச் சொல்லி, எந்தக் கதவு என்று கேட்டு, 53 அடி டிரெய்லரை இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே பின்பக்கமாகச் செருகுகிறார். கதவுக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு சிவப்பில் இருக்கும். அது பச்சையாகும்வரை வண்டியை நகர்த்தக் கூடாது. உள்ளே ஃபோர்க்லிஃப்ட் ஏறும்போதெல்லாம் வண்டி லேசாக ஆடும். ஆட்டம் இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். ஒரு மணி நேரமாக ஆட்டமே இல்லையென்றால் உள்ளே யாரோ டீ குடிக்கப் போயிருக்கிறார்கள். விளக்கு பச்சையாக 11 மணி ஆகிறது.

இப்போது சட்டம் குறுக்கே வருகிறது. வேலையைத் தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள்தான் வண்டி ஓட்டலாம், அதிலும் ஓட்டுவது 11 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, மறுபடி தொடங்க 10 மணி நேரம் ஓய்வு எடுத்திருக்க வேண்டும். வண்டி கிடங்கில் நின்றாலும் இந்த 14 மணி நேரக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஓய்வைப் பிரித்து எடுத்துக்கொள்ளும் ஒரு வழி இருக்கிறது, ஆனால் அதைச் சரியாகக் கணக்குப் போட அனுபவம் வேண்டும். 2017 டிசம்பரில் இருந்து பெரும்பாலான வண்டிகளில் மின்னணுப் பதிவுக் கருவி கட்டாயம் என்பதால், முன்பு போல நோட்டுப் புத்தகத்தில் 'சரிசெய்து' எழுதவும் முடியாது. நம் ஆளுக்கு மாலை 7.30-க்குக் கடிகாரம் முடிந்துவிடும். அடுத்த லோடு ஏற்றுவதற்கும் டீசலுக்கும் இடைவேளைக்கும் இரண்டரை மணி நேரம் போனால் மிஞ்சுவது 6 மணி நேர ஓட்டம், சுமாராக 300 மைல். 144 டாலர். 14 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்குப் பத்து டாலர் சொச்சம்.

காத்திருப்புக்கும் காசு உண்டு என்று கம்பெனி சொல்லும். ஆனால் வழக்கமாக முதல் இரண்டு மணி நேரம் இலவசம், அதற்குப் பிறகுதான் மணிக்கு 15 டாலரோ என்னவோ, அதுவும் பல இடங்களில் வாடிக்கையாளர் கொடுத்தால்தான் டிரைவருக்கு வரும். 2018-இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டபடி, இப்படிக் காக்கவைப்பதால் லாரி டிரைவர்கள் இழக்கும் வருமானம் வருடத்துக்கு 110 கோடி முதல் 130 கோடி டாலர் வரை. சராசரிக் காத்திருப்பு 15 நிமிடம் கூடினால் விபத்து விகிதம் 6.2 சதவீதம் கூடும் என்றும் அதே அறிக்கை சொன்னது. கிடங்கில் விட்ட நேரத்தை ரோட்டில் பிடிக்கப் பார்க்கிறார்கள், வேறென்ன.

அங்கே மற்ற தொழிலாளிக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு கூலி. மாநிலம் விட்டு மாநிலம் போகும் லாரி டிரைவருக்கு அது கிடையாது. 1938-இல் தொழிலாளர் நியாயத் தரச் சட்டம் வந்தபோது, லாரிக்காரர்களின் வேலை நேரத்தைத்தான் 1935-ஆம் வருட மோட்டார் கேரியர் சட்டம் பாதுகாப்புக் கருதி ஏற்கெனவே பார்த்துக்கொள்கிறதே என்று அவர்களை விலக்கி வைத்தார்கள். அந்த விலக்கு இன்றும் அப்படியே நிற்கிறது. குறைந்தபட்சக் கூலி மட்டும் உண்டு. மத்திய அரசின் கணக்கில் அது மணிக்கு 7.25 டாலர், 2009-க்குப் பிறகு ஏறவே இல்லை. பல நீதிமன்றங்கள் அதையும் வாரத்தின் மொத்தச் சம்பளத்தை மொத்த வேலை நேரத்தால் வகுத்துத்தான் பார்க்கின்றன. மணிக்குப் பத்து டாலர் சொச்சம் தாராளமாகத் தேறிவிடுகிறது.

முன்பு இவ்வளவு மோசமாக இல்லை. 1964-இல் ஜிம்மி ஹோஃபா தலைமையிலான டீம்ஸ்டர்ஸ் என்ற லாரி டிரைவர்கள் தொழிற்சங்கம் நாடு முழுவதற்குமான ஒரே கூலி ஒப்பந்தத்தைப் போட வைத்தது. சரக்குக் கட்டணத்தையும் யார் எந்த வழியில் ஓடலாம் என்பதையும் அரசு கட்டுப்படுத்திக்கொண்டிருந்த காலம் அது. 1980-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. புதுக் கம்பெனிகள் குவிந்தன, கட்டணம் இறங்கியது, நீண்டதூர லோடில் சங்கம் கரைந்துபோனது. கட்டணப் போட்டி கடைசியில் போய் உட்கார்ந்த இடம் டிரைவரின் கூலி. புள்ளியியல் துறைக் கணக்கில் 2024 மே மாதத்தில் கனரக லாரி டிரைவர்களின் இடைநிலைச் சம்பளம் வருடத்துக்கு 57,440 டாலர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் அனுபவஸ்தர்களும் உள்ளூர் டிரைவர்களும் சேர்த்தி, நீண்டதூரக்காரரோ மூன்று வாரம் வெளியே இருந்து மூன்று நாள் வீட்டுக்கு வருகிறவர்.

சம்பளச் சீட்டில் புதியவர்கள் கவனிக்காமல் விடும் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். எந்த மைல் என்பது முதலாவது. சில கம்பெனிகள், வீட்டுச் சாமான் ஏற்றும் தொழிலுக்காக உருவான பழைய தூரப் பட்டியலை வைத்துக் காசு கொடுக்கின்றன. அது ஊருக்கும் ஊருக்கும் இடையிலான மிகக் குறுகிய தூரம்; கிடங்கு ஊருக்கு அந்தப் பக்கம் இருந்தாலோ லாரி போக முடியாத பாலம் வழியில் இருந்தாலோ அது கணக்கில் வராது. மீட்டர் 1,050 காட்டும், சீட்டில் 1,000 இருக்கும். மைலுக்கு 50 சென்ட் தரும் கம்பெனி உண்மையில் 48 தரும் கம்பெனியைவிடக் குறைவாகக் கொடுக்கிறது என்பது இப்படித்தான் நடக்கும். இரண்டாவது பேட்டா. சம்பளத்தில் ஒரு பகுதியைச் சாப்பாட்டுப் பேட்டா என்று பிரித்தால் அதற்கு வரி இல்லை, கையில் வருவது கொஞ்சம் கூடும். போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு வரித்துறை ஏற்கும் அளவு 2024 அக்டோபரில் இருந்து நாளுக்கு 80 டாலர். ஆனால் காகிதத்தில் சம்பளம் குறைந்துவிடுகிறது. நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போதும், வேலையில் அடிபட்டு இழப்பீடு கணக்குப் போடும்போதும், வயதான பிறகு சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் வரும்போதும் அந்தக் குறைந்த எண்தான் பேசும்.

இனி பயிற்சி. நம்மூரில் கிளீனராக ஏறி, வருடக்கணக்கில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருநாள் ஸ்டியரிங் கைக்கு வருவது போன்ற ஏற்பாடு அங்கே இல்லை. எழுத்துத் தேர்வு எழுதிப் பழகுநர் உரிமம் வாங்க வேண்டும், குறைந்தது 14 நாள் அதை வைத்திருக்க வேண்டும், அப்புறம் மூன்று பகுதித் தேர்வு: வண்டியைச் சோதித்துக் காட்டுவது, மைதானத்தில் பின்பக்கம் எடுப்பது முதலானவை, ரோட்டில் ஓட்டுவது. தேறினால் 80,000 பவுண்டு, அதாவது 36 டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை ஓட்ட உரிமம் கைக்கு வந்துவிடும். பள்ளிகள் பெரும்பாலும் மூன்று நான்கு வாரத்தில் இதை முடித்துவிடுகின்றன.

2022 பிப்ரவரி 7 வரை, தேர்வுக்கு முன் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்றுகூட நாடு தழுவிய கட்டாயம் கிடையாது. அன்றிலிருந்து, பதிவுபெற்ற பயிற்சி நிலையத்தில் முடித்தால்தான் தேர்வு. நல்லதுதான். ஆனால் அந்த விதியில் குறைந்தபட்ச மணிக்கணக்கு இல்லை. 2016-இல் முதலில் முன்வைத்த வரைவில் 30 மணி நேரமாவது ஸ்டியரிங் பிடித்திருக்க வேண்டும் என்று இருந்தது. அதே வருடம் டிசம்பரில் இறுதி விதி வந்தபோது அது காணாமல் போயிருந்தது. மாணவர் தேறிவிட்டார் என்று பயிற்சியாளர் முடிவுசெய்தால் போதும். பனியிலும் சறுக்கலிலும் வண்டியை எப்படிக் கையாள்வது என்பதை விளக்கினால் போதும், ஓட்டிக் காட்டவேண்டும் என்று இல்லை. டெக்சாஸ் சமவெளியில் படித்தவர் ஆரெகானில் கேபேஜ் மலை இறக்கத்தையோ டென்னசியில் மான்டீகிளையோ முதன்முதலாகப் பார்ப்பது முழு லோடோடுதான். பதிவும் பயிற்சி நிலையங்கள் தாங்களே உறுதிமொழி கொடுத்துச் செய்துகொள்வது. அதில் ஓட்டை எவ்வளவு பெரியது என்பது 2025 டிசம்பரில் தெரிந்தது: தரம் இல்லை என்று ஏறத்தாழ 3,000 நிலையங்களைப் பட்டியலிலிருந்து நீக்கப்போவதாக அரசு அறிவித்தது.

பள்ளி முடிந்ததும் கம்பெனி தன் பங்குக்கு ஒரு பயிற்சியாளரின் வண்டியில் சில வாரங்கள் ஏற்றிவிடும். வாஸ்தவத்தில் தொழிலைக் கற்றுக்கொள்ளும் இடம் இதுதான். நல்ல பயிற்சியாளர் அமைந்தால் அந்த ஒரு மாதம் வாழ்நாள் முழுக்கக் காப்பாற்றும். ஆனால் கணக்கைப் பாருங்கள். பயிற்சியாளரும் மைலுக்குக் காசு வாங்குகிறவர். பல கம்பெனிகளில் வண்டி ஓடும் எல்லா மைலுக்கும், மாணவர் ஓட்டியதற்கும் சேர்த்து, அவருக்குக் காசு வரும். மாணவருக்கு வாரத்துக்குச் சில நூறு டாலர் என்று ஒரே தொகை. ஒரு டிரைவர் என்றால் வண்டி நாளுக்கு 11 மணி நேரம் ஓடும், இரண்டு பேர் உரிமத்தோடு இருந்தால் 22 மணி நேரம் ஓடலாம். மாணவர் ஓட்டும்போது பயிற்சியாளர் பக்கத்தில் முழித்து உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால், அந்த நேரம் பயிற்சியாளரின் வேலைநேரக் கடிகாரத்தில் போய்விடும். பின்னால் படுக்கையில் தூங்கினால், அவருக்கு அது ஓய்வு. மாணவர் முடித்ததும் அவர் எடுத்து ஓட்டலாம். யாருக்கு எதில் லாபம் என்று சொல்லவே வேண்டாம். சில கம்பெனிகளில் ஆறு மாதமோ ஒரு வருடமோ ஓட்டியவரே பயிற்சியாளர் ஆகிவிடலாம் என்பது இதற்கு மேல். கம்பெனிக்கும் இதில் நட்டம் ஒன்றுமில்லை, அரைக்கூலிக்கு இருவர் ஓட்டும் வண்டி கிடைத்த மாதிரி. எல்லாக் கம்பெனியும் இப்படி என்று சொல்லமாட்டேன். முதல் சில வாரம் பயிற்சியாளர் முன்சீட்டை விட்டு நகரக் கூடாது என்று விதி வைத்து அதைக் கடைப்பிடிக்கும் இடங்களும் உண்டு.

இது ரோட்டில் எப்படி முடியலாம் என்பதற்கு ஒரு வழக்கு. 2014 டிசம்பர் கடைசியில் மேற்கு டெக்சாஸில் ஒடெசா பக்கம், 20-ஆம் எண் நெடுஞ்சாலையில் உறைமழை. வெர்னர் என்டர்பிரைசஸ் கம்பெனி லாரியை ஓட்டிக்கொண்டிருந்தவர் பயிற்சியில் இருந்த புதியவர். பயிற்சியாளர் பின்னால் படுக்கையில். எதிர்ப்பக்கம் வந்த பிக்கப் வண்டி பனியில் சறுக்கி, நடுத்திட்டைத் தாண்டி லாரியின் முன்னால் வந்து மோதியது. அதில் இருந்த ஏழு வயதுச் சிறுவன் இறந்துபோனான். அந்த நிலைமைக்கு லாரியின் வேகம் அதிகம், அந்த இருக்கையில் அனுபவமில்லாதவரை விட்டுவிட்டுத் தூங்கியது தவறு என்று குடும்பத்தின் தரப்பு வாதாடியது. 2018-இல் ஜூரி 9 கோடி டாலரை ஒட்டிய இழப்பீடு விதித்தது. 2025 ஜூனில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது: விபத்துக்குக் காரணம் பிக்கப் வண்டி கட்டுப்பாடு இழந்ததுதான், லாரி அங்கே இருந்தது தற்செயல் என்பது தீர்ப்பின் சாரம். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் உறைமழையில் மாணவர் ஓட்ட, ஆசிரியர் படுத்திருக்கும் ஏற்பாட்டுக்குப் பயிற்சி என்று பெயர் வைக்கலாமா என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் பதில் இல்லை.

சம்பளம் பக்கமும் வழக்குகள் போயிருக்கின்றன. நியூ பிரைம் கம்பெனிக்கு எதிராக ஒலிவேரா என்ற டிரைவர் தொடுத்ததுதான் பிரபலம். பயிற்சி என்ற பெயரில் முதலில் 10,000 மைல், பிறகு 30,000 மைல் சொற்பக் காசுக்கு ஓட வைத்து, அப்புறம் கம்பெனியிடமே வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டும் 'சுயதொழில்காரர்' ஆக்கிவிட்டார்கள் என்பது அவர் புகார். நீதிமன்றத்துக்கே வரக் கூடாது, தனியார் நடுவரிடம்தான் போகவேண்டும் என்று ஒப்பந்தத்தைக் காட்டியது கம்பெனி. 2019 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-0 என்று டிரைவர் பக்கம் நின்றது. அடுத்த வருடம் 2.8 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. படுக்கை நேரத்தைப் பற்றியும் ஒரு இழுபறி. ஓடும் வண்டியின் படுக்கையில் ஒருவர் கிடப்பது ஓய்வா வேலையா? 2019-இல் தொழிலாளர் துறை ஓய்வு என்று கருத்துக் கடிதம் கொடுத்தது. 2023 டிசம்பரில் பாஸ்டனில் இருக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றம், சி.ஆர்.எஸ்.டி. கம்பெனி வழக்கில், இருவர் ஓட்டும் வண்டியில் நாளுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் படுக்கையில் கழிப்பது வேலை நேரமே, குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் வரவேண்டும் என்றது. அது நாட்டின் ஒரு மூலைக்கு மட்டும் கட்டாயமான தீர்ப்பு.

இவ்வளவு இருந்தும் ஏன் புதியவர் வேறு கம்பெனி பார்த்துப் போகவில்லை? போக முடியாதபடி மூன்று பூட்டு. பள்ளிக் கட்டணத்தைக் கம்பெனி கட்டியிருந்தால், ஒரு வருடம் வேலை பார்க்கவேண்டும், நடுவில் போனால் சில ஆயிரம் டாலரைத் திருப்பித் தரவேண்டும் என்று கையெழுத்து வாங்கியிருப்பார்கள். வேலையிலிருந்து நீக்கினாலும் கடன் நிற்கும் என்று எழுதிய ஒப்பந்தங்களும் உண்டு. அடுத்தது டி.ஏ.சி. அறிக்கை: தனியார் நிறுவனம் ஒன்று வைத்திருக்கும் டிரைவர்களின் வேலை வரலாறு. வண்டியை வழியில் விட்டுப் போனார் என்று பழைய கம்பெனி அதில் ஒரு வரி போட்டுவிட்டால், அடுத்த கம்பெனி தொலைபேசியை எடுக்காது. (தன் அறிக்கையை வருடத்துக்கு ஒருமுறை இலவசமாக வாங்கிப் பார்க்கவும், தவறு இருந்தால் மறுக்கவும் சட்டத்தில் உரிமை உண்டு. முதல் வருடத்தில் இருப்பவர்களில் இதைத் தெரிந்தவர்கள் குறைவு.) மூன்றாவது காப்பீடு. சிறிய, நல்ல கம்பெனிகளுக்குக் காப்பீடு கொடுக்கிறவர்கள் ஒரு வருடம், இரண்டு வருடம் அனுபவம் இல்லாத டிரைவரை ஏற்பதில்லை. புதியவரை எடுக்கும் தெம்பு இருப்பது, விபத்துச் செலவில் பெரும்பகுதியைத் தாங்களே தாங்கும் பெரிய கம்பெனிகளுக்குத்தான்.

2022 ஏப்ரலில் வால்மார்ட் தன் டிரைவர்கள் முதல் வருடமே 95,000 முதல் 1,10,000 டாலர் வரை சம்பாதிக்கலாம் என்று அறிவித்தபோது இங்கே இந்தியாவில்கூடச் செய்தியாக வந்து, பலர் வாயைப் பிளந்தார்கள். அந்த முதல் வருடம் வால்மார்ட்டில் முதல் வருடம். வெளியிலிருந்து அங்கே டிரைவர் வேலைக்கு விண்ணப்பிக்கவே இரண்டரை வருட அனுபவம் கேட்டார்கள். சொந்த ஊழியர்களுக்கு மட்டும் தாங்களே பயிற்சி கொடுத்து எடுக்கும் திட்டம் தனி. அந்த இரண்டரை வருடத்தை எங்கே போய்ச் சம்பாதிப்பது என்றால், மேலே சொன்ன கம்பெனிகளில்தான்.

இப்போது சில இடங்களில் அசைவு தெரிகிறது. வேலையை விட்டால் பயிற்சிக் கடனைக் கட்டு என்னும் ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றைக் கலிஃபோர்னியா 2026 ஜனவரி 1 முதல் போடப்படுபவற்றுக்குத் தடைசெய்திருக்கிறது. கம்பெனியிடமே வண்டியை வாடகைக்கு எடுத்துச் சொந்தமாக்கிக்கொள்ளும் திட்டங்களை ஆராய்ந்த மத்தியக் குழு, அவற்றைத் தடைசெய்யவேண்டும் என்று 2025 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குப் பரிந்துரைத்தது. 1938-ஆம் வருட விலக்கை நீக்கி டிரைவர்களுக்கும் ஓவர்டைம் கொடுக்கும் மசோதா 2022-இலிருந்து திரும்பத் திரும்பத் தாக்கல் ஆகிறது. டீம்ஸ்டர்சும் சொந்த வண்டிக்காரர்களின் சங்கமும் ஆதரிக்கின்றன, முதலாளிகள் சங்கம் செலவு ஏறும் என்று எதிர்க்கிறது, இன்னும் நிறைவேறவில்லை. இருப்பதில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த மசோதாதான். டிரைவரின் ஆறாவது மணி நேரக் காத்திருப்புக்குக் கம்பெனி கையிலிருந்து ஒன்றரை மடங்கு காசு போகிறது என்றால், கம்பெனியே கிடங்குக்காரரைக் கூப்பிட்டுச் சண்டை போடும். அந்தக் காசை வசூலிக்க முடியாத கிடங்குக்கு லோடே எடுக்காது. பயிற்சியாளருக்கும் மணிக்கணக்கில் கூலி என்றால் அவர் முன்சீட்டில் முழித்திருப்பதற்கும் காசு உண்டு. இப்போதைக்கு ஒரு கம்பெனியில் சேரப்போகிற புதியவர், மைலுக்கு எத்தனை சென்ட் என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், எந்த மைல், வாரத்துக்குக் குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை உண்டா, பயிற்சியாளருக்கு எதற்குக் காசு கொடுக்கிறீர்கள், நான் ஓட்டும்போது அவர் எங்கே இருப்பார், நீங்களே என்னை வேலையைவிட்டு அனுப்பினாலும் பள்ளிக் கடன் என் தலையிலா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.